டேன் மெரிக்கின் ஐம்பத்தொரு விநாடிகள்

உறை இருந்தது. கசெட் இல்லை.

அம்புறோஸ் மேசைக்குக் கீழே முழங்காலில் நின்றபடி அந்த அட்டை உறையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். நீல மையில், சாய்ந்த ஆங்கில எழுத்தில், யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘டேன் மெரிக். அழிக்க வேண்டாம்.’

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி பத்து. சனிக்கிழமை. ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடுவார்.

“யோசெப்பின்!”

உள்ளே போன் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா, பாம்பைக் கண்ட மாதிரிக் கத்துறியள்?”

“அந்த மேல்வீட்டு வெள்ளைக்காரன்ர கசற் எங்க?”

“என்னைக் கேட்டால்? நீங்கதானே வாங்கி வச்சனீங்கள்.”

வாங்கி வைத்தது அவர்தான். அதுதான் பயமே.

பார்க் எக்ஸ்டென்ஷனில், ஜோன்-தலோன் வீதியில், ஒரு கிரேக்க பேக்கரிக்கும் ஒரு பஞ்சாபி நகைக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது ‘அம்புறோஸ் வீடியோ’. 2003-ஆம் வருடத்து மொன்றியலில் பல தமிழ் வீடுகளின் மாலைப்பொழுது அங்கிருந்துதான் புறப்பட்டது. ரொறொன்ரோவிலிருந்து பஸ்ஸில் ஒரு மாஸ்டர் கசெட் வரும். ஒரு வாரத்து மெகா தொடர், மூன்று பாகம், விளம்பரம் வெட்டி அறுபத்தாறு நிமிடம். வியாழன் காலை அம்புறோஸ் அதை மேல் தட்டு டெக்கில் போடுவார். கீழே பன்னிரண்டு டெக்குகள் ஒரே மூச்சில் பதியும். மூன்று சுற்று, முப்பத்தாறு கொப்பி. வெள்ளிக்கிழமை அத்தனையும் வாடகைக்குப் போய், அடுத்த புதன் திரும்பி வரும். வியாழன் அதே கசெட்டுகளில் போன வாரத்துக் கண்ணீரின் மேல் இந்த வாரத்துக் கண்ணீர்.

வீடியோ கசெட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் உண்டு. அதை உடைத்துவிட்டால் அந்தக் கசெட்டில் வேறெதையும் பதிய முடியாது. பத்திரம். ஆனால் உடைந்த குழியின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும், மெசின் ஏமாந்துவிடும், மறுபடி பதியலாம். கடைக்கு வந்து சேர்கிற பழைய கசெட்டுகளில் பாதி பல் போனவை. பதினொரு வருடமாக அம்புறோஸின் கைக்கு அதுவே வேலை. ஆளோடு கதைத்துக்கொண்டே, பார்க்காமலே, இடது கை கசெட்டின் முதுகைத் தடவும். குழி தட்டுப்பட்டால் வலது கை செலோடேப்பைக் கிழித்து ஒட்டும். பிறகு கசெட் வலப்பக்கப் பெட்டிக்குள் போகும். வியாழக்கிழமைப் பெட்டி.

திங்கட்கிழமை வெள்ளைக்காரர் நின்று கதைத்தது இருபது நிமிடம்.

இருபது நிமிடமும் அம்புறோஸின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

வலப்பக்கப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். காலி.

மேல்வீட்டு வெள்ளைக்காரரின் பெயர் ரோய் டிப்பெட். வயது அறுபது. கடைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், ஓர் அறை வீட்டில் நாலு வருடமாகத் தனியாக இருந்தார். முதுகு நிமிர்ந்த மனிதர். குப்பை கொட்ட வந்தால்கூடக் கழுத்தில் ஒரு பட்டுத் துணி சுற்றியிருக்கும். அவரோடு அதுவரை அம்புறோஸுக்கு இருந்த பழக்கம் ‘போன்ஜூர்’ மட்டும்.

திங்கட்கிழமை அவர் கசெட்டை மேசையில் வைத்தார். அவர் பேசியது ஆங்கிலம். தான் பேசியதும் ஆங்கிலம்தான் என்பது அம்புறோஸின் நம்பிக்கை.

“இது இங்கிலாந்துக் கசெட். கனடா மெசினில் கோடு கோடாக ஓடுகிறது. மூன்று கடையில் கேட்டேன். தமிழ் ஆட்களிடம் போ என்றார்கள்.”

சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். லண்டன் கல்யாணம், பாரிஸ் முதல்நன்மை, கொழும்புச் சாமத்தியவீடு என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் தமிழ் வீடுகளுக்கு விசேஷக் கசெட் வந்துகொண்டிருந்த காலம். எந்த நாட்டுக் கசெட்டையும் வாசிக்கிற மெசின் அம்புறோஸிடம் இரண்டு இருந்தது.

“கொப்பி எடுத்துத் தரலாம், மிஸ்டர் ரோய். என்ன, கல்யாணமா?”

“நான்,” என்றார் ரோய். “நான் பாடுகிறேன்.”

அப்புறம் இருபது நிமிடம் கதை ஓடியது.

கிரிம்ஸ்பி என்று ஒரு மீன்பிடித் துறைமுகம். அப்பா அங்கே மீன் பெட்டி தூக்குகிறவர். பையன் நன்றாகப் பாடுவான். ஒரு மனேஜர் வந்து லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய், தலைமுடியை வெட்டி, ‘டிப்பெட் என்றால் யார் இசைத்தட்டு வாங்குவான்?’ என்று கேட்டு டேன் மெரிக் ஆக்கினார். 1964. ஒரு பாட்டு. ரயில் நிலையத்தில் ஒருத்திக்காகக் காத்திருக்கிற பாட்டு. நாட்டில் அதிகம் விற்கிற பாட்டுகளின் பட்டியலில் இருபத்தேழாம் இடம் வரை ஏறியது. ஒரு வாரம் அங்கே நின்றது. இறங்கிவிட்டது.

“இருபத்தேழு நல்ல இடம்தானே?” என்றார் அம்புறோஸ்.

“இருபது வரைக்கும்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கும்.”

அடுத்த மூன்று இசைத்தட்டும் விற்காமல் விழுந்தன. ஜெர்மன் மொழியில் பாடச் சொன்னார்கள். அர்த்தம் தெரியாமல் பாடினார். கிறிஸ்மஸ் நாடகத்தில் இரண்டு பேர் சேர்ந்து போடுகிற குதிரை வேஷம், அதுவும் பின்னங்கால். “முன்னங்கால் என்னைவிடப் பெரிய பாடகர். அவர் பதினாலாம் இடம்.” பிறகு உல்லாசக் கப்பல்களில் பாட்டு. ஒரு கப்பல் மொன்றியலில் கட்டியபோது இறங்கி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். மகள் பிறந்தாள். பாட்டு நின்றது. ரேடியோவில் ஒரு மெத்தைக் கடைக்கு விளம்பரம் பாடினார். பிள்ளைகளின் கார்ட்டூனில் ஒரு கரடிக்குக் குரல் கொடுத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். டிசம்பரில் அங்காடியில் வெள்ளைத் தாடி ஒட்டிக் கிறிஸ்மஸ் பரிசு கொடுக்கிற நத்தார் தாத்தா. இப்போது லாசால் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு நம்பர் கூப்பிடுகிறார்.

அந்த நேரம் கடைக்குள் வந்த அம்புறோஸின் மகள் ஜென்சி, பல்கலைக்கழகப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“எந்தக் கரடி? தேன் போத்தலுக்குள்ள தலை மாட்டுப்படுற கரடியா?”

ரோய் தொண்டையைச் செருமி அந்தக் கரடியாக ஒரு வார்த்தை சொன்னார். ஜென்சி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். “அப்பா! என்ர சின்னவயசு முழுக்க இந்த அங்கிள்தான்!”

ரோய் சிரித்தார். உடனே சிரிப்பு வற்றிவிட்டது.

“என் மகள் அந்தக் கரடியைப் பார்த்ததில்லை. அவள் அம்மா ரி.வி.யை நிறுத்திவிடுவாளாம்.”

1981-இல் மறுபடி ஒரு கப்பல் கூப்பிட்டது. ஆறு வாரம் என்று சொல்லிப் போனவர் பதினொரு மாதம் கழித்து வந்தார். கதவு திறக்கவில்லை. அப்போது மகள் கரோலினுக்கு ஆறு வயது. ‘உன் அப்பா பாடகனும் இல்லை, ரி.வி.யில் வந்ததும் இல்லை. வாயைத் திறந்தால் பொய்’ என்று சொல்லியே தாய் வளர்த்தாள். தாய் இந்த வசந்தத்தில் இறந்துபோனாள். போன மாதம் கரோலின் போன் செய்தாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. வருகிற ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். வீடு லாசாலில்தான். அவர் பிங்கோ கூப்பிடுகிற மண்டபத்திலிருந்து எட்டுத் தெரு.

“இதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டவேண்டும். ஒரு பொய்யாவது உண்மை என்று அவள் பார்க்கவேண்டும்.”

“வேற கொப்பி இல்லையா?”

“பெரிய நிகழ்ச்சிகளில் மூன்று தடவை பாடினேன். அந்தக் காலத்தில் ரி.வி. டேப் விலை அதிகம். ஒரு தடவை காட்டிவிட்டு அதன்மேல் வேறு ஏதாவது பதிந்துவிடுவார்கள். என்மேல் ஒரு குதிரைப் பந்தயம் ஓடியது.” அவர் தோளைக் குலுக்கினார். “1987-இல் எங்கள் ஊர்ச் சின்ன நிலையம் ஒன்று பழைய துண்டுகளைக் காட்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய அதில், கடைசியில் எனக்கு இரண்டு நிமிடம் சொச்சம். பெரில் என்று ஒருத்தி, என் ரசிகர் சங்கச் செயலாளர், சங்கத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம், அதைப் பதிந்து வைத்தாள். அந்த நிலையமும் இப்போது இல்லை. இதைத் தவிர வேறில்லை.”

இதைக் கேட்டு அம்புறோஸுக்கு உண்மையாகவே நெஞ்சு இளகியது. சொந்த ஊர் பேசாலையில் அவருடைய அப்பாவும் மீன் பெட்டி தூக்கியவர்தான். “சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்கோ. முதல் தரமாச் செய்து தாறன்” என்றார்.

அப்படிச் சொன்னபோது கை செலோடேப்பைக் கிழித்திருக்க வேண்டும்.

நாலு இருபத்தைந்து.

“முப்பத்தாறும் வாடகைக்குப் போயிட்டுது,” என்றார் அம்புறோஸ். “செயின்ட்-மிஷேல், லாசால், இங்க சுத்துவட்டாரம், எல்லா இடமும். எதில எண்டு எனக்கென்ன தெரியும்? எல்லாத்துக்கும் ஒரே லேபிள்.”

“போன் எடுத்துக் கேளுங்கோவன்.”

“என்னெண்டு கேக்கிறது? சீரியல்தானே ஓடும்! அந்தாள் பாடினதுக்கு மேலதான் சீரியல் பதிஞ்சிட்டுதே!”

யோசெப்பின் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“வரட்டும். உள்ளதைச் சொல்லுங்கோ.”

“விசரே உனக்கு? அந்தாள் பொலிசுக்குப் போனால்? வந்து பாத்தால் என்ன இருக்கு இங்க? முழுக்கக் கொப்பி. கடையையே தூக்கிக்கொண்டு போவாங்கள்.”

“அந்த மனுசன் போகமாட்டுது.”

“உனக்குத் தெரியுமா?”

“உங்களுக்கும் தெரியும்.”

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு மணி கிலுங்கியது. ரோய் புது ஷேவ் செய்திருந்தார். கழுத்தில் சிவப்புப் பட்டு. கையில் ஒரு சின்னக் கேக் பெட்டி. பக்கத்துக் கிரேக்கரிடம் வாங்கியிருந்தார். “உங்கள் மனைவிக்கு,” என்று மேசையில் வைத்தார்.

அம்புறோஸ் அலமாரியிலிருந்து ஒரு கசெட்டை எடுத்தார். புத்தம் புதியது, வெறும் கசெட். காலி உறைக்குள் ஏற்கெனவே அதைச் செருகி வைத்திருந்தார்.

“மிஸ்டர் ரோய், மன்னிக்கோணும். இரண்டு மெசினிலும் போட்டுப் பார்த்தேன். இதில் ஒன்றும் இல்லை.”

“ஒன்றும் இல்லையா?”

“வெறுமை. பழைய கசெட்தானே. சில நேரம் தானாகவே அழிந்துபோகும்.”

யோசெப்பின் எழும்பி உள்ளே போய்விட்டாள்.

ரோய் கோபப்படுவார் என்று அம்புறோஸ் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவரோ உறையின் மேலிருந்த நீல எழுத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

“பெரிலுக்கு எண்பது வயது,” என்றார். “வேறு கசெட்டை உறையில் போட்டிருப்பாள். அவள் பிழை இல்லை.”

கேக் பெட்டியை அவர் திரும்ப எடுக்கவில்லை. அதுதான் அம்புறோஸுக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கிற நேரம், வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. ரோய் ஒரு பெரிய பையை டிக்கியில் வைத்துவிட்டுக் கடைக்குள் தலையை நீட்டினார்.

“கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. மயாமி. பிங்கோதான்! ஆனால் நடுக்கடலில் பிங்கோ.”

“ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு…”

“போகவில்லை.” அவர் வெளியே பார்த்தார். “வெறும் கையோடு போய் இன்னொரு கதை சொல்லச் சொல்கிறீர்களா? பெரிலுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். தேடி அனுப்புவாள். ஏப்ரலில் வருவேன். அப்போது போகிறேன்.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய்வரைக்கும் வந்தது. டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான். நடைபாதை ஓரத்தில் அந்த வருடத்து முதல் பனி ஒரு வரப்பாகக் குவிந்திருந்தது. ரோய் அதன்மேல் மிதிக்காமல், பையனைப்போல ஒரு துள்ளுத் துள்ளித் தாண்டி டாக்ஸியில் ஏறினார்.

‘ஏப்ரலில் சொல்லலாம்’ என்று அம்புறோஸ் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பின்னால் யோசெப்பின் நின்றுகொண்டிருந்தாள். “அந்தப் பிள்ளை சமைச்சு வச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருந்திருக்கும்,” என்றாள். கேக் பெட்டி இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. அன்றைக்கு அவள் அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் லாசாலிலிருந்து அல்போன்சம்மா போன் செய்தாள். எழுபது வயது. வாடகைக் கசெட்டை நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்ததாக அவளைப் பற்றி வரலாறே இல்லை. மூன்று வாரத்துக் கசெட் அவள் வீட்டில் கிடந்தது.

“தம்பி, குறை நினையாத. முழங்கால் ஏலாது. ஆரையும் விட்டு எடுப்பி. அதோட ஒண்டு கேக்கோணும். அண்டைக்கு அந்தப் பொம்பிளை அழுது முடிய, ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்து பாடினவனே, அவன் ஆர்? கதையில புதுசா வாறவனோ?”

அம்புறோஸ் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“என்ன பாடினவன் எண்டிறியள் அக்கா?”

“எனக்கு இங்கிலீசு விளங்குமே? எங்கட ரி.வி.யில கோடுகோடாத்தான் தெரிஞ்சது, ஆனா வடிவான பெடியன். நான் நினைச்சன், இவள் லண்டனுக்குப் போய் அவனைக் கட்டப்போறாளாக்கும் எண்டு. அடுத்த கிழமை பாத்தால் ஆளைக் காணேல்லை.”

அம்புறோஸ் கடையை யோசெப்பினிடம் விட்டுவிட்டு ஓடினார். மெட்ரோ, பிறகு பஸ். அல்போன்சம்மா ஊற்றிய தேநீரைக் குடிக்காமலே கசெட்டைப் பறித்துக்கொண்டு திரும்பினார். மெசினில் போட்டு அறுபத்தாறாம் நிமிடத்துக்கு ஓட்டினார்.

கதாநாயகி கட்டிலில் விழுந்து அழுதாள். பெயர்கள் ஓடின. திரை ஒரு முறை உதறியது.

அப்புறம் கறுப்பு வெள்ளையில், ஒடிந்துவிடுவதுபோல மெலிந்த ஓர் இளைஞன். பாட்டின் முதல் பாதியைத் தொடர் விழுங்கிவிட்டிருந்தது. கடைசிப் பாதி மிஞ்சியிருந்தது. ஐம்பத்தொரு விநாடிகள். நடுவில் மைக் வயர் அவன் காலில் சிக்கியது. பாட்டை விடாமல் ஒரு துள்ளுத் துள்ளி அதைத் தாண்டினான். தாண்டிவிட்டுச் சிரித்தான். பாட்டு முடிந்ததும் கோட் போட்ட அறிவிப்பாளர் ஒருவர் கையை நீட்டிச் சொன்னார்: “டேன் மெரிக்!”

யோசெப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அம்புறோஸ் கசெட்டை வெளியே எடுத்தார். முதுகில் ஒட்டியிருந்த செலோடேப்பை நகத்தால் சுரண்டி உரித்தார். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். “ஏப்ரல் வரட்டும்,” என்றார். “காலில விழுந்தாவது சொல்லுறன்.”

“மகளிட்ட இப்பவே கொண்டுபோய்க் குடுங்கோவன்.”

“விலாசம் தெரியாது. பேரும் கரோலின் எண்டு மட்டும்தான் தெரியும்.”

அது உண்மை. லாசாலில் எட்டுத் தெருவில் விசாரித்தால் கிடைக்காதா என்று யோசெப்பின் கேட்கவில்லை. அவரும் போகவில்லை. நத்தார் வியாபாரம் தொடங்கிவிட்டிருந்தது.

ஏப்ரல் வரவில்லை. அதற்கு முன் அவள் வந்துவிட்டாள்.

மார்ச் முதல் வாரம். காலை பதினொரு மணி. பழுப்புக் கோட், முப்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். நிமிர்ந்த முதுகு. பார்த்த கணமே அம்புறோஸுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு கசெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நீல எழுத்து உறை.

“இங்கிலாந்துக் கசெட்டை உங்கள் கடையில் பார்க்கலாம் என்றார்கள்,” என்றாள் ஆங்கிலத்தில். “இது என் அப்பாவுடையது.”

“மிஸ்டர் ரோய்… எப்படி இருக்கிறார்?”

“ஜனவரியில் இறந்துவிட்டார். கப்பலில். இதயம்.” அதை அவள் பலபேருக்குச் சொல்லிப் பழகியிருந்தாள். “கம்பெனிக்காரர்கள் அவர் பையை எனக்கு அனுப்பினார்கள். நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாராம். எனக்கே ஆச்சரியம். ஒரு நத்தார் தாத்தா தாடி, கொஞ்சம் பட்டுத் துணி, இது. அவ்வளவுதான்.”

அவள் உறையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் வேறு கையெழுத்து.

‘கரோலினுக்கு. ஒன்றும் இல்லை என்றார்கள். வேறு மெசினில் போட்டுப் பார்.’

அம்புறோஸ் அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அந்த மனிதர் பெரிலைச் சந்தேகிக்கவில்லை, அம்புறோஸையும் சந்தேகிக்கவில்லை, மெசினைத்தான் சந்தேகித்திருக்கிறார். வெறும் கசெட்டை நடுக்கடல் முழுவதும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“போட்டுப் பார்க்க முடியுமா?” என்றாள்.

முடியும். போட்டால் திரை வெறுமையாக ஓடும். ‘பாவம், ஒன்றும் இல்லை’ என்று சொல்லலாம். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கடை பிழைக்கும். இந்த விஷயம் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் இறந்தாயிற்று. இல்லை, அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை. தெரிந்தது இரண்டே பேருக்கு. இரண்டாவது ஆள் போன் கார்டுகளின் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதில் ஒன்றும் இல்லை,” என்றார் அம்புறோஸ். “அது உங்கள் அப்பாவின் கசெட் இல்லை. நான் கொடுத்த வெறும் கசெட்.”

பிறகு சொன்னார். உடைந்த ஆங்கிலத்தில், இடையிடையே தமிழ் வந்து விழ, எல்லாவற்றையும். பல், குழி, செலோடேப், வியாழக்கிழமை, கேக் பெட்டி. சொல்லச் சொல்ல அவருடைய இடது கை மேசைமேல் எதையோ தடவிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

இழுப்பறையைத் திறந்து மற்றக் கசெட்டைப் போட்டார்.

கதாநாயகி அழுதாள். திரை உதறியது. இளைஞன் வந்தான்.

கரோலின் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மைக் வயரை அவன் துள்ளித் தாண்டியபோது அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. “படியில் இறங்கும்போது அப்படித்தான்,” என்றாள், யாரிடமும் இல்லை. “கடைசிப் படியில் கால் வைக்கவே மாட்டார்.”

“டேன் மெரிக்!” என்றார் அறிவிப்பாளர்.

“மறுபடி,” என்றாள்.

மூன்று தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை முடிந்ததும் திரும்பி அம்புறோஸைப் பார்த்தாள். கண் நனையவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை அவர் வராததற்கு இதுதானா காரணம்?”

“ஓம்… யெஸ். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று…”

“காட்டச் சொல்லி யார் கேட்டது?” குரல் உயரவில்லை. “நான் கசெட் கேட்கவில்லை. அவர் பாடினாரா, பொய்யா, அதெல்லாம் எனக்கு எப்போதோ அலுத்துப்போயிற்று. ஆட்டிறைச்சி சமைத்திருந்தேன். இருட்டும் வரைக்கும் மூடி வைத்திருந்தேன். அப்புறம், ‘அம்மா சொன்னது சரி, இந்த ஆள் வரமாட்டார்’ என்று கொட்டிவிட்டேன். போனில் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் பிடித்திருக்கலாம்.”

“மன்னிக்கோணும்” என்று ஆரம்பித்தார் அம்புறோஸ்.

“வேண்டாம்,” என்றாள். “இன்றைக்கு வேண்டாம்.”

யோசெப்பின் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் குடிக்கவில்லை. ஆனால் கப்பைச் சுற்றி இரண்டு கையையும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“நல்ல கொப்பி ஒன்று எடுத்துத் தருகிறேன்,” என்றார் அம்புறோஸ். “முன்னால் இருக்கிற சீரியலை வெட்டி, உங்கள் மெசினில் ஓடுகிற மாதிரி. இதையும் தருகிறேன். பின்னேரம் வந்தால்…”

“பின்னேரமா?” அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அம்புறோஸ் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “நான் இங்கேயே நிற்கிறேன். கண் முன்னால் எடுத்துத் தாருங்கள்.”

நின்றாள். வியாழக்கிழமைப் பெட்டியிலிருந்து பல் உள்ள ஒரு கசெட்டை எடுத்து, அதில் பதிந்து கொடுத்தார். இரண்டு கசெட்டையும் அவள் கைப்பைக்குள் வைத்தபோது, பழையதன் முதுகிலிருந்த குழியை விரலால் தொட்டுப் பார்த்தாள். புதியதைத் திருப்பி, அதன் பல்லைச் சாவியால் நெம்பினாள். டிக் என்று உடைந்தது. அந்தச் சிறிய பிளாஸ்டிக் துண்டை மேசைமேல் வைத்தாள்.

நீல எழுத்து உறையை எடுத்துக்கொண்டாள். உள்ளே இருந்த வெறும் கசெட்டை மட்டும் வெளியே எடுத்து அம்புறோஸின் பக்கம் தள்ளினாள்.

“இது உங்களுடையது.”

கதவு மணி கிலுங்கியது. அம்புறோஸ் அவள் போகும்வரை கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதை ஓரப் பனி அழுக்காகி உயர்ந்து நின்றது. அவள் அதைத் தாண்டவில்லை. நடுவில் மிதித்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமும் வியாழக்கிழமை வந்தது. ரொறொன்ரோ மாஸ்டர் வந்தது. கரோலினோடு ஒன்று போனதால் கடைசிச் சுற்றுக்கு ஒரு கசெட் குறைந்தது. அவள் தள்ளிவிட்டுப் போன வெறும் கசெட் மேசையில் கிடந்தது. யோசெப்பின் அதைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், அதைத் தொடாமல் பன்னிரண்டாவது டெக்கை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. அல்போன்சம்மா.

“தம்பி, எல்லாருக்கும் இந்தக் கிழமைக் கசற் வந்திட்டுதாம். எனக்கு மட்டும் ஏன் இல்லை? நான் பிந்திக் குடுக்கிறனெண்டு கோவமே?”

“இல்லை அக்கா. ஒண்டு குறைஞ்சுபோச்சு.”

“அதென்னெண்டு குறையும்? முந்தி இருந்ததுதானே?”

“ஓம் அக்கா,” என்றார் அம்புறோஸ். “இருந்தது.”